ரோடு போடும் முன் மட்டம் பாருங்கள்: சேலத்துத் தெருக்களும் வடிகாலும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ரோடு, கால்வாய் வேலைகளில் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். இப்போது வேலையில் இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஒரு ஜேசிபி வந்து நின்றால், "அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்க" என்று யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். அப்படிக் கூப்பிடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும், எனக்குத் தெரிந்த பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, அரை மணி நேர மழைக்கே சேலத்தில் தெருவெல்லாம் குளமாகிவிடுகிறதே, ஏன்?

நம் ஊர் ஒரு தாம்பாளம் மாதிரி. வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மலையில் பெய்த மழை சாவகாசமாக வருவதில்லை, பாய்ந்து வருகிறது. அந்த வேகத்தைத் தாங்கத்தான் அடிவாரத்திலிருந்து ஏரி ஏரியாக வெட்டி வைத்தார்கள். கன்னங்குறிச்சிப் புது ஏரி நிறைந்தால் மூக்கனேரிக்குப் போகும். இப்படி ஒன்று வழிந்து இன்னொன்றில் விழுந்து, கடைசியில் திருமணிமுத்தாறு ஊருக்குள் புகுந்து தெற்கே போய் நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது.

இரண்டாவது காரணம் நாம் கட்டிய வீடுகள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்தைந்து ஏக்கர் மானாவாரிக் காடு இருக்கிறது. மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்கிறது. மண் பெரும்பகுதியைக் குடித்துவிட்டு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வெளியே விட்டால், நொடிக்குச் சுமார் 400 லிட்டர் ஓடும். அதே காட்டை மனை போட்டு, வீடு கட்டி, வாசல்வரை சிமெண்ட் பூசினால் நொடிக்கு 1,100 லிட்டர் ஓடும். மழை கூடவில்லை, ஓட்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது. காடாக இருந்தபோது இருந்த அதே ஓடை இதைத் தாங்குமா? அந்த ஓடையும் பல இடங்களில் பாதி அகலத்துக்கு வந்துவிட்டது. 1994-ல் மாநகராட்சி ஆன ஊர் இது. 2011 கணக்கெடுப்பிலேயே மக்கள்தொகை எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீடு பெருகிய வேகத்தில் தண்ணீர் போகும் வழியை யாரும் பெருக்கவில்லை.

புது ரோடு போட்டார்கள், சந்தோஷப்பட்டோம். இப்போது மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. என்ன நடந்தது?

எனக்கு மிக வேண்டிய கேள்வி இது. எங்கள் அப்பா குழித்தறியில் நெய்தவர். தறிக்குழி தரைக்குக் கீழே இடுப்பளவு ஆழம். அதில் காலை இறக்கி மிதியில் வைத்துக்கொண்டுதான் நெய்ய வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வாசலுக்கு மூன்று படி ஏறிப் போவோம். ஒவ்வொரு முறை ரோடு போட்டபோதும் பழைய ரோட்டின் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டி உருட்டினார்கள். ஒரு தடவைக்கு நான்கைந்து சென்டிமீட்டர் என்றால் என்ன பெரிசு என்று தோன்றும். நாலு தடவையில் ஒரு படி மண்ணுக்குள் போயிற்று. பிறகு இன்னொன்று. ஒரு ஐப்பசி இரவில் தண்ணீர் நேராகத் தறிக்குழிக்குள் இறங்கியது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூல், நனைந்து சாயம் இறங்கி, நெய்துகொண்டிருந்த சேலை முழுக்க வீணானது. கூலி போனதுகூட அப்பாவுக்குப் பெரிதில்லை, "பாவு நனைஞ்சு போச்சே" என்றுதான் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரின் குகை, பொன்னம்மாபேட்டைப் பகுதிகளிலும் இதே கதையைச் சொல்ல எத்தனையோ வீடுகள் உண்டு.

ரோட்டை மேலே மேலே உயர்த்தக் கூடாது. பழைய தார்ப்பரப்பை மில்லிங் இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கே புதுத் தார் போட வேண்டும். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, சாலையின் மேல்தளத்தைச் சுரண்டாமல் மறுபடி போடக் கூடாது, வீடுகளுக்குள் தண்ணீர் புக அது காரணமாகிறது என்று எல்லாத் துறைகளுக்கும் உத்தரவு அனுப்பினார். அதைப் படித்த அன்று எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

உங்கள் தெருவில் ரோடு போட அளவெடுக்க வந்தால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "எஸ்டிமேட்டில் மில்லிங் இருக்கிறதா? முடித்த மட்டம் எவ்வளவு?" வேலை ஆரம்பிக்கும் முன் உங்கள் வீட்டுச் சுவரில், இப்போதைய ரோட்டு மட்டத்திலிருந்து சரியாக ஓர் அடி மேலே ஒரு பெயிண்ட் கோடு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு அந்தக் கோட்டிலிருந்து கீழே அளந்தால் ரோடு எவ்வளவு ஏறியது என்று யாரும் மறுக்க முடியாதபடி தெரிந்துவிடும்.

மட்டம் பார்ப்பதற்கு இன்ஜினியர்தான் வர வேண்டுமா?

வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, தெருவின் இந்த முனையில் ஒருவர், சற்றுத் தள்ளி ஒருவர் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதிலிருந்து தரைவரை அளந்து கழித்தால் எந்தப் பக்கம் தாழ்வு என்று தெரியும். நீளத் தெருவானால் இப்படியே துண்டு துண்டாக நகர்ந்து போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு தெருவையே அளந்துவிடலாம். கால்வாய்க்கு நூறு மீட்டருக்கு இருபது சென்டிமீட்டர் சரிவாவது கிடைத்தால் நல்லது. ஆறு மீட்டர் அகலத் தார் ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட ஏழரை சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். ரோட்டின் முதுகு என்று சொல்வோம். முதுகு இல்லாத ரோட்டில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் தார் ஜல்லியை விட்டுப் பிரியும். அந்த இடத்தில் ஒரு பஸ் போனால் குழி.

எங்கள் தெருவில் கான்கிரீட் கால்வாய் கட்டி முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு மழைக்குக்கூடத் தண்ணீர் அதில் போகவில்லையே?

நான் பார்த்த வரைக்கும் இதற்குக் காரணம் பெரும்பாலும் நாலு.

முதலாவது, கால்வாயை மேலேயிருந்து கட்ட ஆரம்பிப்பது. வடிகாலைக் கடைவாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதாவது தண்ணீர் போய் விழும் ஓடையோ ஆறோ எங்கே இருக்கிறதோ, அங்கே மட்டத்தை நிலைப்படுத்திக்கொண்டு, அங்கிருந்து மேல்நோக்கி வர வேண்டும். நிதி வந்த வார்டில் நடுவிலிருந்து கட்டினால், அது போய்ச் சேரும் இடம் அதைவிட உயரமாக இருக்கும். கால்வாய் கால்வாயாக இருக்காது, நீளமான தொட்டியாகிவிடும். கொசு வளர்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படித்தான் முந்நூறு மீட்டர் கட்டிய பிறகு, தண்ணீர் ரோட்டுக்கு அடியில் கடந்து போகும் கல்வெர்ட்டின் அடிமட்டம் எங்கள் கால்வாயைவிட முக்கால் அடி உயரத்தில் இருப்பதைக் கண்டோம். அதை முதல் நாளே அளந்திருக்க வேண்டியவன் நான். அளக்கவில்லை. அந்தத் தெருவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

இரண்டாவது, தண்ணீர் புகும் வாய். கால்வாய்ச் சுவர் ரோட்டைவிட அரை அடி உயரம், மேலே மூடி ஸ்லாப், பக்கத்தில் ஒரு துவாரமும் இல்லை என்றால் ரோட்டுத் தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகும்? ஐந்தாறு மீட்டருக்கு ஒரு துவாரம் ரோட்டு மட்டத்தில் விட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். விட்டிருந்தாலும், வாசலுக்குச் சாய்தளம் கட்டும்போது நாமே அடைத்துவிடுகிறோம். வண்டி ஏற்றச் சாய்தளம் வேண்டும்தான், அடியில் ஒரு குழாய் விட்டுக் கட்டுங்கள்.

மூன்றாவது, வண்டல். நம் ஊர்ச் செம்மண்ணும் கட்டட வேலை மணலும் ஒரே பருவத்தில் கால்வாயைப் பாதிக்கு ஏற்றிவிடும். தூர் வாருவதும் எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்; வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள், அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே போகும். அள்ளிய அன்றே ஏற்றிவிட வேண்டும் என்று விடாமல் கேளுங்கள்.

நாலாவது, ஆறே நிறைந்திருப்பது. திருமணிமுத்தாற்றில் தண்ணீர் உயர்ந்து கால்வாயின் வாய்க்கு மேலே போய்விட்டால், கால்வாய்த் தண்ணீர் போகாது. சில சமயம் ஆற்றுத் தண்ணீர் பின்னோக்கித் தெருவுக்கு வரும். அங்கே ஒரு வழி மட்டும் திறக்கும் கதவு வைக்கலாம். அதைவிடப் பெரிய மருந்து, தண்ணீரை மேலேயே ஏரிகளில் நிறுத்திவைப்பது. மூக்கனேரியை ஊர் மக்களே சேர்ந்து 2010-வாக்கில் தூர் வாரி, நடுவில் மண் திட்டுகள் எழுப்பி மரம் நட்டுக் காப்பாற்றினார்கள். அதைச் சேலத்தின் வடிகால் வேலை என்றே நான் சொல்வேன். ஏரியில் நின்ற தண்ணீர் தெருவில் நிற்காது.

பாதாளச் சாக்கடை வந்துவிட்டதே, மழைத் தண்ணீரையும் அதிலேயே விட்டால் என்ன?

தயவுசெய்து விடாதீர்கள். நாலு பேர் உள்ள வீட்டிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 430 லிட்டர் கழிவுநீர் போகும் என்று வைத்துத்தான் குழாய் அளவு போடுவார்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டருக்கு மேல் வரும். பத்து நாள் கழிவுநீருக்கான தண்ணீரை ஒரே மணி நேரத்தில் அந்தக் குழாய்க்குள் தள்ளுகிறீர்கள். தெருவில் பத்து வீடு இப்படிச் செய்தால், பள்ளத்தில் இருக்கும் வீட்டின் கழிவறை வழியாக எல்லாம் மேலே வரும். மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு நுரை தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த மாடித் தண்ணீருக்கு இடம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது. அன்று தோண்டிய குழி இன்று மண்ணடைத்துக் கிடக்கும், ஜல்லியை எடுத்துக் கழுவிப் போடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. செப்டிக் டேங்க் வழிவையும் சாயத் தண்ணீரையும் மழைநீர் வடிகாலில் விடுகிறார்கள். திருமணிமுத்தாறு நிறம் மாறி ஓடியதை நாம் எல்லோரும் பார்த்தவர்கள்தானே. சுகவனேசுவரர் கோயிலும் கோட்டை மாரியம்மன் கோயிலும் அந்த ஆற்றை ஒட்டித்தான் எழுந்தன. ஆற்றில் கால் நனைத்துவிட்டுக் கோயிலுக்குள் போன காலத்தை எங்கள் அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அடைப்பு எடுக்க ஆளை உள்ளே இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி அது குற்றம். இயந்திரம் வரும்வரை இரண்டு நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு உயிர் போனால் திரும்பாது.

போன மாசம் போட்ட ரோட்டை இந்த மாசம் தோண்டுகிறார்களே, இதற்கு முடிவே இல்லையா?

வரிசை தப்பினால் இப்படித்தான். முதலில் பாதாளச் சாக்கடைக் குழாய், அது ஆழத்தில் போவது. பிறகு குடிநீர்க் குழாய், வீட்டு இணைப்புகள். பிறகு மழைநீர் வடிகால். பிறகு மின்சார, தொலைபேசிக் கேபிள். எல்லாம் முடிந்த பிறகே ரோடு. நம் ஊரில் இன்னொரு சங்கடம், அடியில் பாறை. சில தெருக்களில் மூன்றடிக்குக் கீழே பிரேக்கர் வைத்து உடைத்துத்தான் குழாய் பதிக்க முடியும். ஒரு வாரம் என்று சொன்ன வேலை இரண்டு மாசம் இழுக்கும், அதற்குள் ரோட்டுக்காரர் வந்து போய்விடுவார்.

தோண்டியதைவிட மூடுவதில்தான் ரோடு கெடுகிறது. எடுத்த மண்ணை அப்படியே தள்ளி மேலே ஜல்லி பரப்பினால், முதல் மழையில் நீளவாக்கில் அமுங்கி, டூவீலர் சக்கரம் மாட்டும் பள்ளமாகும். அரை அடிக்கு ஓர் அடுக்காக மண் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து, அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். மூடும் நாளில் தெருவில் ஒருவர் கட்டாயம் நில்லுங்கள்.

தார் ரோடா, சிமெண்ட் ரோடா, பேவர் பிளாக்கா?

பஸ் போகும் ரோட்டுக்குத் தார், குறுகிய சந்துக்கு எல்லாரும் சிமெண்ட் கேட்கிறார்கள். சிமெண்ட் ரோடு உழைக்கும், தண்ணீரால் கெடாது. ஆனால் ஒரு முறை மட்டம் தப்பினால் அவ்வளவுதான், லேசில் சுரண்டவும் முடியாது. அடியில் குழாய் உடைந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும், ஒட்டுப் போட்ட இடம் ஒட்டாமலே இருக்கும். சந்துகளுக்கு நான் பேவர் பிளாக்கைத்தான் சொல்வேன். கழற்றிக் குழாய் வேலை பார்த்துவிட்டு அதே கல்லை மறுபடி பதிக்கலாம், இடுக்கில் கொஞ்சம் தண்ணீர் மண்ணுக்கும் இறங்கும். அடியில் மணல் படுகையும் இரண்டு ஓரத்தில் கான்கிரீட் பிடிமானமும் சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பல் ஆடுவது போல ஆடும்.

பிளாஸ்டிக் கலந்த தார் ரோடு நல்லதா என்றும் கேட்கிறார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்ட முறை அது. 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். சூடான ஜல்லிமேல் உருகிய பிளாஸ்டிக் பூச்சுப் படிவதால் தண்ணீர் தாரைப் பிரிப்பது குறையும். ஆனால் வடிகால் இல்லாத தெருவில் எதைக் கலந்தாலும் பயன் கொஞ்சம்தான்.

மழைக்காலத்தில் தார் போடலாமா?

கூடாது. தார்க்கலவை 150 டிகிரி சூட்டில் வந்து, 90 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். ஈரத்தரையில் போட்டால் ஒட்டாது. நமக்கு ஆவணி தொடங்கி கார்த்திகைவரை மழை, சித்திரையிலும் கோடைமழை. தையிலிருந்து பங்குனிவரைதான் நல்ல காலம். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே டவுனில் பள்ளம் தோண்டாமல் இருப்பதும் புத்திசாலித்தனம்.

புகாரை யாரிடம் கொடுப்பது? ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுகிறார்கள்.

ரோடு யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள். தெருக்கள் மாநகராட்சிக்கு, அதிலும் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டலம். பெரிய ரோடுகளில் பல மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு. பைபாஸ் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு. கன்னங்குறிச்சி தனிப் பேரூராட்சி. மனுவை மாற்றிக் கொடுத்தால் ஒரு மழைக்காலமே போய்விடும். முதல்வர் உதவி எண் 1100-ல் பதிவு செய்தால் எண் கிடைக்கும், அதைக் குறித்துவையுங்கள்.

வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்கப் பொதுமக்களுக்கு உரிமை உண்டா?

உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 காகிதத்தைக் கேட்க மட்டும் அல்ல. நடக்கும் வேலையை நேரில் பார்க்கவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அதில் இடம் இருக்கிறது. பத்து ரூபாய், முப்பது நாள். எஸ்டிமேட், செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரர் எத்தனை காலம் பழுதுக்குப் பொறுப்பு என்ற விவரம், இந்த மூன்றையும் கேளுங்கள். பொறுப்புக் காலத்துக்குள் பெயர்ந்தால் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தத் தேதி தெரியாததால்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போங்கள். சண்டை போட அல்ல. உங்கள் டியூப் லெவல் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கவுன்சிலரிடமும் உதவிப் பொறியாளரிடமும் கொடுங்கள். இளைய பொறியாளர் ஒருவர் எங்கள் தெருத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை யாரும் தந்ததில்லைங்க" என்று அப்போதே வரைபடத்தில் குறித்துக்கொண்டார். கல்வெர்ட் ஒன்று அதனால் ஆழமானது.

மனை வாங்கப் போகிறோம். தண்ணீர் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நில எல்லைகளைக் காட்டும் சர்வே வரைபடமான புலப்படத்தில் பக்கத்துச் சர்வே எண்களைப் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், ஏரி உள்வாய் (ஏரியில் தண்ணீர் நிற்கும் பகுதி) என்று எது தென்பட்டாலும் நின்று யோசியுங்கள். ஊர்ப்பேரையும் கேளுங்கள், பள்ளம், ஓடை, ஏரிக்கரை என்று பழையவர்கள் காரணம் இல்லாமல் பேர் வைக்கவில்லை. அங்கே ஆடு மேய்க்கிற அம்மாவிடம் "மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகுமுங்க?" என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

ஓடை ஆக்கிரமிப்பை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்தானே?

எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கே முதலில் எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். கரையில் ஓலையும் தகரமும் வைத்துக் குடியிருப்பவர் வீட்டுக்கு இயந்திரம் ஒரே நாளில் வந்துவிடுகிறது. அதே ஓடையின் மேல் ஸ்லாப் போட்டு வண்டி நிறுத்தும் கட்டடத்துக்கு வருஷக்கணக்கில் வருவதில்லை. தண்ணீரைப் பொறுத்தவரை அடைப்பு அந்த ஸ்லாப்பில்தான். குடிசைக்காரருக்கு மாற்று இடம், அதுவும் பிழைப்புக்குத் தொலைவில்லாத இடம் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பள்ளிக்கூடப் பருவத்தின் நடுவில் எடுக்கவே கூடாது.

ஏற்காடு ரோடு ஏன் அடிக்கடி சரிகிறது?

அதுவும் வடிகால் கதைதான். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் மலையை ஒட்டிய பக்கம் ஒரு கால்வாய் போகும், ஆங்காங்கே ரோட்டுக்கு அடியில் கல்வெர்ட் வழியாகத் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கும். அந்தக் கால்வாயைச் சருகும் தண்ணீர் பாட்டிலும் அடைத்தால், தண்ணீர் ரோட்டைக் குறுக்கே கடந்து வெளிப்புறத் தடுப்புச் சுவரின் பின்மண்ணை ஊறவைக்கும். சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற விட்ட துவாரங்களும் அடைபட்டிருந்தால், ஊறிய மண்ணின் பாரம் சுவரைத் தள்ளிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் பல இடங்களில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. மலைக்காரர்களுக்குப் பாலும் மருந்தும் பள்ளிக்கூடமும் இந்த ரோடுதான். குப்பனூர் வழியாகச் சுற்றிப் போவதற்கு எல்லோரிடமும் வண்டி கிடையாது.

மழைக்கு முன் புரட்டாசியிலேயே கல்வெர்ட் ஒவ்வொன்றையும் ஆள் விட்டுத் திறந்து பார்ப்பது, கம்பிவலைக்குள் கல் அடுக்கிய சுவர்களைச் சரிவுகளில் கட்டுவது, சரிவுக்கு மேலே காட்டுத் தண்ணீரை மடக்கும் வாய்க்கால் வெட்டுவது, இவைதான் வைத்தியம். வார இறுதியில் மேலே போகிறவர்கள் ஒன்று செய்யலாம். வளைவில் நிறுத்தி டீ குடித்த காகிதக் கப்பையும் பொட்டலக் காகிதத்தையும் கால்வாயில் போடாமல், அடிவாரத்துக்கு எடுத்துவந்து போடுங்கள்.